ஹெவொக்: கொள்ளைக்கு எழுந்த குரல் புயலுக்கு வந்து சேர்ந்த வழி

கார்த்திகை பிறந்து வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் ஒன்று உருவானால், கொழும்பிலிருந்து வரும் ஆங்கிலச் செய்திகளில் ‘ரீக் ஹெவொக்’ (wreak havoc) என்ற தொடரைக் காணாமல் இருக்க முடியாது. மட்டக்களப்பில் காற்று செய்ததும் அதுதான், அம்பாறையில் வெள்ளம் செய்ததும் அதுதான், வெல்லாவெளிப் பக்கம் வயலுக்குள் யானை இறங்கிச் செய்ததும் அதுதான். தமிழில் பெயர்ப்பவர் பெரும்பாலும் ‘பேரழிவை ஏற்படுத்தியது’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார். புயலுக்கும் அதே தொடர், யானைக்கும் அதே தொடர், பரீட்சை நேரசூசியைக் குழப்பிய மழைக்கும் அதே தொடர். படிப்பவருக்கு எது பெரிது எது சிறிது என்று தெரியாமல் போகிறது.

ஹெவொக் என்ற சொல் சேதத்தின் அளவைச் சொல்வதில்லை. அது ஒழுங்கு கலைந்ததைச் சொல்கிறது. எவ்வளவு அழிந்தது என்று சொல்ல ஆங்கிலத்தில் ‘டெமேஜ்’, ‘டிஸ்ட்ரக்ஷன்’, ‘டெவஸ்டேஷன்’ என்று தனித்தனிச் சொற்கள் உண்டு. எதுவும் தன் இடத்தில் இல்லாமல், யாருடைய கட்டுக்கும் அடங்காமல் போன நிலைக்குத்தான் ஹெவொக். இந்த வேறுபாடு அந்தச் சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது.

14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சும் பெருமளவில் புழங்கியது. நோர்மன்காரர் கொண்டுவந்து அந்த மண்ணில் ஊறிய பிரெஞ்சு. அதில் ‘ஹவொக் கூவுதல்’ என்று ஒரு வழக்கு இருந்தது. அதற்கு முந்திய பழைய பிரெஞ்சு வடிவத்துக்குக் கொள்ளை என்று பொருள். சண்டையில் எதிரி முறிந்து ஓடத் தொடங்கியதும் ‘ஹவொக்!’ என்று குரல் எழும். இனி அணிவகுப்பைக் காக்க வேண்டியதில்லை, கைக்கு எட்டியதை அவரவர் எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு அதுவே அனுமதி. ஆகவே ஹெவொக் தொடக்கத்தில் ஒரு சேதத்தின் பெயராக இருக்கவில்லை. ஒரு கூச்சலாக, ஒரு கட்டளையாக இருந்தது.

அனுமதி வருமுன் யாராவது கூவிவிட்டால் என்ன நடக்கும்? 1385இல் இரண்டாம் ரிச்சர்ட் மன்னன் ஸ்கொட்லாந்தின் மேல் படையெடுத்துப் போகும் வழியில், டர்ஹம் நகரில் படைக்கான ஒழுங்குவிதிகள் விதிக்கப்பட்டன. தேவாலயத்தைக் கொள்ளையிடக் கூடாது, கொடிக்கு முன்னால் எவரும் போகக் கூடாது என்பவற்றோடு, எவரும் ‘ஹவொக்’ என்று கூவத் துணியக் கூடாது, கூவினால் தலை போகும் என்ற விதியும் அதில் இருந்தது. ஒரு சொல்லைச் சொன்னதற்கு மரண தண்டனை. இதைப் படிக்கிறவர்கள் மிகையென்று நினைக்கலாம். அக்காலப் படை எப்படி இயங்கியது என்று தெரிந்தால் அப்படி நினைக்கத் தோன்றாது.

அன்றைய வீரன் நாட்கூலியை மட்டும் நம்பிப் போருக்குப் போனவனல்ல. கொள்ளையில் கிடைப்பதில் மூன்றிலொரு பங்கை அவன் தன் தலைவனுக்குக் கொடுப்பான், தலைவன் தனக்கு வந்ததில் மூன்றிலொரு பங்கை அரசனுக்குக் கொடுப்பான், மிச்சம் அவனவனுக்கு. பெரிய இடத்துக் கைதி ஒருவன் அகப்பட்டால் அவனுக்காக வரும் மீட்புப் பணம் கூலியைப் பலமடங்கு மிஞ்சும். இப்படியிருக்கும்போது ஒருவன் நேரத்துக்கு முந்திக் குரல் கொடுத்தாலே போதும். பக்கத்தில் நிற்பவன் காத்திருக்க மாட்டான், பிந்தினால் பங்கு போய்விடும். அணி உடையும். வில்லைப் போட்டுவிட்டு ஆட்கள் பொதி வண்டிகளை நோக்கி ஓடுவார்கள். முறிந்தது போலத் தெரிந்த எதிரி திரும்பி வந்தால் எதிர்த்து நிற்க ஒரு வரிசையும் மிஞ்சாது. வென்ற சண்டை அந்த அரை மணித்தியாலத்தில் தோற்றுப்போகும். தண்டனை கொள்ளைக்காக விதிக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கொள்ளை அவர்களுக்குக் குற்றமே அல்ல, அதற்குப் பங்குக் கணக்கே இருந்தது. தண்டனை ஒழுங்கைக் குலைத்ததற்கு. சொல்லின் மையம் அன்றைக்கே அங்கேதான் இருந்தது.

‘கூவு’ என்ற வினையோடு ஒட்டியே இந்தச் சொல் நீண்ட காலம் வாழ்ந்தது. 1599 அளவில் ஷேக்ஸ்பியர் எழுதிய ஜூலியஸ் சீசர் நாடகத்தில், சீசரின் உடலுக்கு முன்னால் நின்று அன்ரனி பேசும் இடத்திலும் அது அந்தப் பழைய போர்க் கட்டளையாகவே வருகிறது. மேடை பார்க்க வந்த கூட்டத்துக்கு அதன் பொருள் தெரிந்திருந்தது. போர் முறைகள் மாறின; கூவல் மறைந்தது; கூவலின் விளைவு மட்டும் அந்தப் பெயரில் நின்றுவிட்டது. 1611இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில், அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரத்தில், சவுல் சபைக்கு ‘ஹெவொக் பண்ணினான்’ என்று இருக்கிறது. மெதடிஸ்த மிஷன் 1814இலேயே பாடசாலை தொடங்கிய ஊர் மட்டக்களப்பு. ஆங்கில வேதாகமத்தையும் தமிழ் வேதாகமத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடியவர்கள் இங்கே நிறையப் பேர் உண்டு. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அதே இடத்தில் இருப்பது ‘பாழாக்கிக்கொண்டிருந்தான்’. ஒரே வினை, தொடர்ந்து நடப்பதைக் காட்டும் விகுதி, ‘ஏற்படுத்தினான்’ கிடையாது. வீடு வீடாக நுழைந்து ஆட்களை இழுத்துப்போன செயலுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது கடினம்.

‘ரீக்’ பிறகு வந்து சேர்ந்த துணை. இன்று இரண்டும் பிரியாத சோடி போல இருந்தாலும், ‘ரீக் ஹெவொக்’ என்ற சேர்க்கை பெருகியது 20ஆம் நூற்றாண்டில்தான். ரீக் என்பது பழைய ஆங்கிலத்தில் ‘துரத்து, விரட்டு, பழிவாங்கு’ என்ற பொருள்களில் இருந்த வினை. நீண்ட காலம் அதற்குச் செயப்படுபொருளாக வந்தவை பழியும் கோபமும்: பழியைத் தீர்த்தான், கோபத்தைக் கொட்டினான். பழி தீர்க்கிறவன் கண்மண் தெரியாமல் அடிப்பான் அல்லவா? அந்த இடத்தில்தான் ஹெவொக் வந்து உட்கார்ந்தது. எழுத்தில் முதலில் நிற்கும் ‘டபிள்யூ’ இப்போது ஒலிப்பதில்லை, ஒருகாலத்தில் ஒலித்தது. ஒலி போனதால்தான் ஆங்கிலம் எழுதுகிறவர்களே இங்கே அடிக்கடி வழுக்கி விழுகிறார்கள்.

வழுக்கும் இடங்கள் மூன்று. முதலாவது ‘ரெக்’ (wreck). எழுதும்போது ஒரே ஒரு எழுத்துத்தான் வேறுபாடு. வேரும் தூரத்து உறவுதான். ஆனால் ரெக் என்பது கடல் அடித்து ஒதுக்கிய பொருளையும், உடைந்த கப்பலையும் குறிக்க வந்த சொல். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ‘ஹேர்மிஸ்’ மட்டக்களப்புக்கு நேரே கடலுக்கடியில், 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. சுழியோடிகள் தேடிப்போய்ப் பார்க்கும் அது ஒரு ரெக். அந்தக் கப்பல் அங்கே கிடக்கலாம், ஆனால் யாரும் ஹெவொக்கை ‘ரெக்’ பண்ண முடியாது. பண்ணினால் ஹெவொக்கையே உடைத்துப்போட்டதாகப் பொருள் வரும். இரண்டாவது, இதே ஒலியுள்ள இன்னொரு ‘ரீக்’ (reek). அதற்கு நாற்றமடித்தல் என்று பொருள். கணினியின் எழுத்துத் திருத்தி இதைப் பிடிக்காமல் போகலாம், ஏனென்றால் அதுவும் சரியான சொல்தான். மூன்றாவது, இறந்தகாலத்தில் ‘ரோட்’ (wrought) என்று எழுதுவது. ரோட் என்பது ‘வேர்க்’ (work) என்ற வினையின் பழைய இறந்தகால வடிவம். அடித்து உருவாக்கிய இரும்புக் கம்பி வேலிக்கு ஆங்கிலத்தில் சொல்லும் பெயரில் அது இன்றும் இருக்கிறது. ரீக்கின் இறந்தகாலம் ‘ரீக்ட்’. ஆனாலும் மூன்றாவதைப் பிழை என்று சிவப்பு மையால் அடிக்கும் ஆசிரியர்கள் சற்று நிதானிக்கலாம். ‘வேர்க் ஹெவொக்’ என்ற வழக்கும் ஆங்கிலத்தில் உண்டு. அதன் இறந்தகாலமாகக் கொண்டால் ‘ரோட் ஹெவொக்’ நிற்கும். முதல் இரண்டும் எந்தக் கணக்கிலும் நிற்காது.

தமிழுக்கு வருவோம். இங்கேதான் மொழிபெயர்ப்பாளர்கள் கையிலிருக்கும் பொக்கிஷத்தை விட்டுவிட்டு வெறுங்கையோடு போகிறார்கள் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. கொள்ளையிலிருந்து புயலுக்குப் போன ஹெவொக்கின் பயணத்தை, தமிழில் ஒரே சொல் தனக்குள் வைத்திருக்கிறது. அந்தச் சொல் சூறை.

சூறை என்றால் கொள்ளை. பாலைத் திணையின் கருப்பொருள் பட்டியலில், தொழில் என்ற இடத்தில் சூறையாடல் இருப்பதை இலக்கணம் படித்தவர்கள் அறிவார்கள். சூறை என்றால் சுழல்காற்றும். சூறையும் வளியும் சேர்ந்ததுதான் சூறாவளி. நாட்டைக் கொள்ளையிட்டு எரியூட்டுவதைப் பாடுவதற்குப் புறத்திணையில் மழபுலவஞ்சி என்று ஒரு துறையே உண்டு. அந்தக் காட்சிக்கும் நவம்பர் காற்றுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்த நம் முன்னோருக்குத் தயக்கம் இருக்கவில்லை. இரண்டிலும் நடப்பது ஒன்றே: இருந்ததெல்லாம் இடம்பெயர்ந்து அவரவர் திசையில் போகிறது.

சூறைவிடுதல் என்றும் ஒரு வழக்கு உண்டு. எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவது. அது ‘ஹவொக்!’ என்ற அந்தக் கட்டளையேதான். கோயில் வாசலில் தேங்காய் சிதறும் கணத்தை நினைத்துப் பாருங்கள். அதற்குச் சூறைத் தேங்காய் என்றே பெயர் உண்டு. கல்லில் விழும்வரை பிள்ளைகள் அடங்கி நிற்பார்கள், விழுந்ததும் வரிசை இல்லை, பெரியவர் சிறியவர் இல்லை. டர்ஹமில் மன்னன் பயந்தது அந்தக் கணத்துக்குத்தான்.

ஆங்கிலத்தில் ‘சைக்கிளோன்’ என்ற சொல் பிந்தியது. கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் கப்பலோட்டிகளுக்காக எழுதி 1848இல் வெளிவந்த கைநூல் அதைப் பரப்பியது. வட்டம், பாம்பின் சுருள் என்ற பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார். அது வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர். சூறாவளி செயலைப் பார்த்து வைத்த பெயர். வங்காள விரிகுடாவின் கரையில் நின்று பார்த்தவர்களுக்கு அதன் வடிவம் தெரியாது, அது செய்வது தெரியும்.

மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் மூத்தவர்கள் ‘சைக்கிளோன்’ என்று மொட்டையாகச் சொன்னால் அது 1978 நவம்பர் 23 இரவுதான். அந்தச் சூறாவளியில் இலங்கையில் 900க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டார்கள். மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களில் பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது. மீன்பிடி வள்ளங்களில் ஐந்திலொன்று உடைந்தது. நெல் களஞ்சியங்கள் 11இல் 9 அழிந்தன. இவை எண்ணிச் சொன்ன சேதங்கள். ஆங்கிலத்தில் இவற்றுக்கு டெமேஜ். வேரோடு சரிந்த மரங்களால் தெருக்கள் அடைபட்டு ஊருக்கு ஊர் தொடர்பற்றுப் போனது, ஒருவர் கூரைத் தகரம் இன்னொருவர் வளவில் கிடந்தது, எல்லை வேலி எது என்று தெரியாமல் போனது, இவை எந்த அட்டவணையிலும் ஏறாதவை. ஹெவொக் என்றால் இவை. ஒரு செய்தியில் இரண்டும் வேண்டும். ஒன்றை எழுதி மற்றதை எழுதியதாக நினைப்பதுதான் குறை.

2004 ஆழிப்பேரலையைப் பற்றிப் பேசும்போது இதில் கூடுதல் கவனம் தேவை. நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரையோரம் முழுவதும் நடந்ததை ஆங்கிலத்தில் ஹெவொக் என்று எழுதுவது எங்கள் கருத்தில் பொருந்தாது. அந்தச் சொல் இன்று மிக இலேசாகிவிட்டது. கணினி வைரஸ், வீதி நெரிசல், உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் மோட்டார் சைக்கிள், எல்லாவற்றுக்கும் அதையே போடுகிறார்கள். இறந்தவர்களை எண்ண வேண்டிய இடத்தில் அது கனம் போதாத சொல்.

யானைக்குத் தமிழ்ப் பத்திரிகைகள் தாமாகவே ஒரு சொல்லைக் கண்டுபிடித்து வைத்திருக்கின்றன: அட்டகாசம். ‘காட்டு யானைகள் அட்டகாசம்’ என்ற தலைப்பை மட்டக்களப்பு, அம்பாறை வாசகர் பார்க்காத மாதம் குறைவு. வடமொழியில் இது உரத்த சிரிப்பு, பெருநகை. தமிழில் அது ஆர்ப்பாட்டமாகி, அடங்காத செயலாகி, அந்தச் செயல் விளைக்கும் நாசமாகியிருக்கிறது. ஹெவொக் ஒரு கூச்சலில் தொடங்கியது போலவே இது ஒரு சிரிப்பொலியில் தொடங்கியது. தமிழகத்தில் இன்று இளைஞர்கள் ‘பிரமாதம்’ என்ற பொருளில் இதைச் சொல்வதால் அங்குள்ள வாசகர் ஒரு நொடி தடுமாறலாம். இங்கே அந்தத் தடுமாற்றம் இல்லை.

யானை விடயத்தில் அட்டகாசம் எவ்வளவு சரியான சொல் என்பது வயலில் நடப்பதைப் பார்த்தால் தெரியும். வளர்ந்த யானை ஒன்று ஒரு நாளைக்குத் தின்பது ஏறத்தாழ 150 கிலோ தீனி. ஒரு கூட்டம் இரவில் வந்து தின்றுவிட்டுப் போகும் அளவைமட்டும் கணக்கிட்டால் அந்த வட்டையில், அதாவது அந்த வயற்பரப்பில், இழப்பு சிறியது. பெரிய இழப்பு கால்களால் வருகிறது. கதிர் இன்னும் உறைக்குள் இருக்கும் குடலைப் பருவத்திலோ கதிர் பால்பிடிக்கும் சமயத்திலோ மிதிபட்ட பயிர் சேற்றுக்குள் அமுங்கினால் திரும்ப எழும்பாது. அதைவிட மோசமானது வரம்பு உடைவது. வரம்பு உடைந்தால் மேல்வயல் தண்ணீர் வடிந்து கீழ்வயலில் தேங்கும். ஒன்றில் பயிர் காயும், மற்றதில் அழுகும். யானை கால் வைக்காத வயலுக்கும் அந்தச் சேதம் போய்ச் சேரும். வரம்பும் வாய்க்காலும் சேர்ந்து காத்த நீர் ஒழுங்கு குலைவதால் வரும் விளைவு இது. தின்றதை மட்டும் அளந்து, மிதிபட்டதையும் வரம்பையும் விட்டுவிடும் அறிக்கையால் வெள்ளாமைக்காரருக்கு நட்டஈட்டில் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம்.

பூச்சிக்கு அட்டகாசம் ஒட்டாது. கபிலநிறத் தத்தி, நம் விவசாயிகள் அறக்கொட்டி என்று சொல்வது, பயிரின் அடித்தூரில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே இருந்து சாற்றை உறிஞ்சும். யூரியாவை அளவுக்கு மிஞ்சிப் போட்ட வயல்களிலும், கண்டபடி கிருமிநாசினி அடித்துச் சிலந்தி போன்ற இயற்கை எதிரிகளைக் கொன்றுவிட்ட வயல்களிலும் அது பெருகும். வட்டம் வட்டமாகப் பயிர் எரிந்தது போலக் கருகும். ஆங்கிலச் செய்தி இதற்கும் ரீக் ஹெவொக் என்றே எழுதும். தமிழில் ‘நாசமாக்கியது’, ‘கருக்கியது’ போதும். சத்தமில்லாமல் நடக்கும் அழிவுக்குச் சத்தத்தில் பிறந்த சொல்லைப் போடுவது காதுக்கு ஒட்டாது.

வேறு இடங்களுக்கு வேறு சொற்கள். புகையிரத நேரங்கள், பரீட்சை, சந்தை விலை போன்றவற்றுக்கு ‘சீர்குலைத்தது’, ‘தாறுமாறாக்கியது’. கூட்டமும் ஓட்டமுமாக ஊரே கலங்கிய நிலைக்கு ‘அல்லோலகல்லோலம்’. அதன் பின்பாதியில் இருக்கும் ‘கல்லோலம்’ பேரலையைக் குறிக்கும் வடசொல், கரையோர ஊர்களுக்குப் பொருந்துவதில் வியப்பில்லை. கட்டடங்கள் நொறுங்கினால் ‘துவம்சம்’; அதன் மூலப்பொருள் இடிந்து சிதைவது. பொருட்கள் வெட்டுண்டு பிளவுண்டு கிடந்தால் ‘சின்னாபின்னம்’. சொல்லே வெட்டுதலையும் பிளத்தலையும் சேர்த்துச் செய்தது. வேர்கூட மிஞ்சவில்லை என்றால் ‘நிர்மூலம்’. மூலம் என்றால் வேர், ஆகவே தென்னை சரிந்து அடிமரம் நிற்கும் தோட்டத்துக்கு அதைப் போடக் கூடாது.

‘ஏற்படுத்தியது’ என்ற வினையைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் வினை ஒன்று, அது செய்யும் பொருள் ஒன்று என்று பிரித்து வைப்பது வழமை. அதை அப்படியே கொண்டுவந்தால் தமிழில் சேதத்தை ஏற்படுத்தியது, பாதிப்பை ஏற்படுத்தியது, அழிவை ஏற்படுத்தியது, குழப்பத்தை ஏற்படுத்தியது என்று எல்லாம் ஒரே சாயலாகிவிடும். தமிழ் வினை தனியாகவே நிற்கும் பலம் கொண்டது. சிதைத்தது, அழித்தது, குலைத்தது, குழப்பியது, பாழாக்கியது, சூறையாடியது. ஒரு செய்தியை எழுதி முடித்ததும் ‘ஏற்படுத்தி’ என்ற சொல்லைத் தேடிப்பார்த்து, வந்த இடமெல்லாம் அடித்துவிட்டு, அந்த இடத்தில் உண்மையில் என்ன நடந்தது என்று கேட்டால் சரியான வினை தானாக வரும். காற்று கூரையைப் பிடுங்கியதா, சரித்ததா, ஓடுகளை மட்டும் கலைத்ததா? மூன்றும் மூன்று விதமான வீட்டுக்காரர். மூன்று விதமான உதவி.

சட்டம் சார்ந்த எழுத்தில் தவறு காசாக மாறும். ‘டெமேஜ்’ ஒருமையில் சேதம். பன்மையில் ‘டெமேஜஸ்’ என்றால் நீதிமன்றம் கொடுக்கச் சொல்லும் நட்டஈடு. வழக்காவணத்தில் பன்மையைப் பார்த்து ‘சேதங்கள்’ என்று பெயர்த்தால் வழக்காளி கேட்ட பணமே காணாமல் போகும். லத்தீனில் ‘டம்னும்’ என்றால் இழப்பு; டெமேஜ் அதிலிருந்து வந்தது. இலங்கையில் பொதுச் சட்டமாக நிற்கும் ரோமன் டச்சுச் சட்டத்தில், கவனயீனத்தால் ஒருவருக்கு இழப்பு வந்தால் தொடரும் வழக்கின் அடிப்படையும் அந்த டம்னும்தான். ‘நட்டம்’, ‘நாசம்’ இரண்டும் வடமொழியில் ஒரே வேர். தொலைந்துபோதல் என்பது அதன் பொருள். இழந்ததும் அழிந்ததும் ஒன்றே என்று இரு மொழிகளும் தனித்தனியாக எண்ணியிருக்கின்றன.

‘மிஸ்சீவ்’ (mischief) இன்னும் வழுக்கலானது. வீட்டு ஆங்கிலத்தில் அது பிள்ளைகளின் குறும்பு. 1883இல் வந்த தண்டனைச் சட்டக் கோவையில் அது, இழப்பு உண்டாகும் என்று தெரிந்தோ கருதியோ பிறர் சொத்தை அழிக்கும் குற்றம். 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பொதுச் சொத்துக்கள் பற்றிய சட்டத்திலும் அதே சொல் வருகிறது; அரச பேருந்தின் கண்ணாடியை உடைத்தவர் மேல் அந்தச் சட்டத்தில் வழக்குப் போட்டால் பிணை எளிதில் கிடைக்காது. அதைக் ‘குறும்பு’ என்று பெயர்த்துக் கொடுத்தால் குடும்பம் விடயத்தை இலேசாக எடுத்துவிடும். சொத்துக்கு விளைக்கும் கேடு என்று பச்சையாக எழுதுவதே பாதுகாப்பு.

அனர்த்த அறிக்கையில் ஹெவொக் வரவே கூடாது, தமிழிலும் அதற்கு நிகரான எந்தச் சொல்லும் வரக் கூடாது. கிராம உத்தியோகத்தர் எடுக்கும் கணக்கு பிரதேச செயலகத்துக்கும், அங்கிருந்து மாவட்டச் செயலகத்துக்கும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும் போகிறது. அந்தப் படிவத்தில் இருக்கும் நிரல்கள் பாதிக்கப்பட்ட குடும்பங்கள், ஆட்கள், இறந்தவர்கள், காயமடைந்தவர்கள், காணாமற்போனவர்கள், முழுமையாகச் சேதமடைந்த வீடுகள், பகுதியளவில் சேதமடைந்த வீடுகள் என்பவை. ‘கடும் சேதம்’ என்று எழுதினால் அது எந்த நிரலிலும் ஏறாது. முழுமையா பகுதியா என்பதில்தான் உதவித்தொகை தங்கியிருக்கிறது. பயிருக்கானால் கமநல சேவை நிலையத்தில் ஏக்கர் அளவு, விதைத்த திகதி, நெல் மூன்று மாதமா மூன்றரை மாதமா, எந்தப் பருவத்தில் அடிபட்டது என்பன வேண்டும். தண்ணீர் வடியுமுன் எடுத்த படங்களும் வடிந்தபின் எடுத்த படங்களும் தனித்தனியாக இருந்தால் நல்லது. வெள்ளம் நின்ற நாட்களின் எண்ணிக்கையை அவைதான் நிறுவும். பயிர் முழுக மூழ்கி எத்தனை நாள் கிடந்தது என்பதைப் பொறுத்தே அது பிழைக்குமா என்பது முடிவாகும்.

பத்திரிகைத் தலைப்பு வேறு விடயம். அங்கே உணர்ச்சி வேண்டும், சூறையும் அட்டகாசமும் அங்கே வரலாம். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் யானை இறங்கிய செய்திக்குத் தலைப்பில் அட்டகாசம் இருக்கட்டும். முதல் பந்தியில் எந்த வட்டை, எத்தனை யானை, எத்தனை ஏக்கர் மிதிபட்டது, பயிருக்கு எத்தனை நாள் வயது, எத்தனை இடத்தில் வரம்பு உடைந்தது, யானை வேலி எங்கே அறுந்திருந்தது என்பவை வர வேண்டும். வேலியில் மின்சாரம் இருந்ததா இல்லையா என்பதையும் கேட்டு எழுத வேண்டும். வனசீவராசிகள் திணைக்களத்திடம் விவசாயச் சங்கம் போய் நிற்கும்போது முதலில் கேட்கப்படும் கேள்வி அதுவாகவே இருக்கும்.